மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பழக்கங்கள்: எதில் ஆரம்பிப்பது, எங்கே பிசகுகிறது?

நீலவானம் (கேள்வி):

தினசரி மன அழுத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று தேடினால் எங்கே போனாலும் அதே பட்டியல்தான் கிடைக்கிறது: மூச்சுப் பயிற்சி செய், நட, நன்றாகத் தூங்கு, எழுது, போனைத் தள்ளி வை. எதை முதலில் செய்வது, எத்தனை நிமிடம் செய்வது, சரியாக வராவிட்டால் என்ன மாற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் குறிப்பாக மூன்று சந்தேகங்கள். மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றி, படபடப்பு கூடுகிறது, ஏன்? படுத்ததும் நாளைய வேலைகளெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கின்றன, என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் சில நாட்களிலேயே மொத்தமும் நின்றுபோகிறது, அதற்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்காலி:

முதலில் தூக்கத்தைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். தூக்கம் குறைந்த மறுநாள் சின்ன விஷயத்துக்கே எரிச்சல் வரும். அந்த நிலையில் எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

தூக்கத்தைச் சீராக்க, படுக்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தைக் கட்டிப்போட வேண்டும். நினைத்த நேரத்தில் தூங்குவது நம் கையில் இல்லை, எழுவது இருக்கிறது. விடுமுறை நாளிலும் அதே நேரம், கூடிப்போனால் அரை மணி முன்பின். எழுந்ததும் 15-20 நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். உடம்பின் கடிகாரம் அதை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சரியாகத் தூங்காத மறுநாள் சீக்கிரமே போய்ப் படுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தூக்கம் வராத கண்ணோடு படுக்கையில் கிடந்தால், ‘படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம்’ என்று மூளை பழகிவிடும். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். இது ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை. தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இன்றும் இருக்கிறது. அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காதீர்கள். மணி பார்ப்பதே விழிப்பைக் கூட்டும். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள்.

காபி, டீ விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் கூட மொத்தத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெட்டியதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கொஞ்சம் அதிகமான அளவுதான், ஆனாலும் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மது சீக்கிரம் தூங்க வைப்பதுபோல் இருக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

தென்றல்_கா:

தலை சுத்துறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: மூச்சை ரொம்பப் பெருசா இழுக்கறீங்க. ‘ஆழமா மூச்சு விடு’னு சொன்னதும் எல்லாரும் நெஞ்சை விரிச்சு, தோளைத் தூக்கி இழுப்பாங்க. அப்படி நாலைஞ்சு தடவை வேகமா செஞ்சா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக் குழாய்கள் சுருங்கும். உடனே தலை லேசாகும், விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்த மாதிரி ஆகும். ‘ஐயோ என்னமோ ஆகுது’னு பயம் வந்து, இன்னும் வேகமா மூச்சு வாங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். சாய்ஞ்சு உக்காருங்க. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தொப்புளுக்கு மேல. சாதாரணமா எவ்வளவு மூச்சு எடுப்பீங்களோ அதே அளவுதான், வேகம் மட்டும் குறையணும். மூக்கு வழியா 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிஷத்துக்கு 6 மூச்சு. கீழ்க் கை மட்டும் அசையணும், மேல் கை கிட்டத்தட்ட சும்மா இருக்கணும். 6 எண்ண முடியாம முட்டுதுன்னா 3 உள்ளே, 4 வெளியேனு ஆரம்பிங்க. நடுவுல அடக்கி வைக்கவே வேண்டாம். 5 நிமிஷம் போதும்.

இன்னொண்ணு முக்கியம். படபடப்பு வந்த பிறகு முதல் முறையா முயற்சி பண்ணா வேலைக்கு ஆகாது. மனசு அமைதியா இருக்கற நேரத்துல தினமும் ஒரு தடவை செஞ்சு கைப்பழக்கம் ஆக்கிடணும்.

சிலருக்கு மூச்சைக் கவனிக்கறதே பயத்தைக் கிளப்பும். அவங்க மூச்சை விட்டுட்டுத் தசையைப் பிடிக்கலாம். எட்மண்ட் ஜேக்கப்சன்கிற மருத்துவர் உருவாக்கின முறை இது. கை முஷ்டியை 5-7 விநாடி இறுக்கி, சட்டுனு விட்டு, 20-30 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனிக்கணும். அப்புறம் மேற்கை, நெத்தி, தாடை, தோள், வயிறு, தொடை, கால்னு வரிசையா. முழு பலத்தோட இறுக்காதீங்க, முக்கால் பலம் தாராளம். கெண்டைக்கால் பிடிச்சுக்கும், அதனால கால் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டாம முகத்தைப் பார்த்து மடக்குங்க. காயம் பட்ட இடத்தை விட்டுடுங்க.

நீலவானம்:

இருவருக்கும் நன்றி. பெரிய மூச்சு இழுப்பதுதான் காரணம் என்பது இப்போது புரிகிறது. இரவுக் கவலைக்கு ‘கவலைக்கென்று நேரம் ஒதுக்கு’ என்கிறார்களே, அதனால் கவலை கூடாதா?

எழுத்தாணி:

சரியாகச் செய்தால் கூடாது. 1980-களிலிருந்தே புழக்கத்தில் உள்ள உத்தி அது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 20-30 நிமிடம். படுக்க குறைந்தது 2 மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும், படுக்கையறையில் கூடாது. பகலில் கவலை தலைகாட்டும்போது ஒரு வரி குறித்துக்கொண்டு ‘இதை 6 மணிக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிவையுங்கள். கவலையை அழிக்கச் சொன்னால் மனம் முரண்டு பிடிக்கும். தள்ளிப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளும்.

அந்த நேரத்தில் தாளை இரண்டாக மடியுங்கள். இடப் பக்கம் கவலை. வலப் பக்கம், அதற்கு நாளைக்கே செய்யக்கூடிய மிகச் சின்ன அடுத்த வேலை. ‘அறிக்கை முடியவில்லை’ என்பது கவலை. ‘காலை 10 மணிக்கு முதல் பக்கத்தின் தலைப்புகளை எழுது’ என்பது வேலை. வலப் பக்கத்தில் எழுத எதுவுமே இல்லையென்றால், அது நம் கையில் இல்லாத கவலை. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இந்தப் பிரிப்பு இல்லாமல் உட்கார்ந்தால்தான் நீங்கள் பயப்படுவதுபோல் ஒன்றையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்போம். நேரம் முடிந்ததும் எழுந்து இடம் மாறிவிடுங்கள்.

படுக்கும் முன் தனியாக 5 நிமிடம் நாளைய வேலைப் பட்டியல் மட்டும் எழுதுவதும் உதவும். முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு நல்லது.

மருதநிழல்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் ஐந்து புதுக் கடமைகளைத் திணித்தால், மனதைப் பார்த்துக்கொள்வதே இன்னொரு அழுத்தமாகிவிடும். ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் ஒன்றை எடுங்கள். வேலை முடிந்த பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் போடுவது, போனைப் படுக்கைக்குக் கொண்டுபோவது, இப்படி ஏதாவது ஒன்றை.

அடுத்து, ‘தினமும் நடப்பேன்’ என்பது பிடிமானம் இல்லாத முடிவு. ‘கணினியை மூடியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு 10 நிமிடம் நடப்பேன்’ என்று, ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலின் வாலில் கட்டுங்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவைச் சொல்கிறது. அந்த எண்ணை முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை. ஒரு பழக்கம் தானாக நடக்க சராசரியாக 66 நாள் ஆனதாக லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று சொன்னது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆகவே விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அந்தச் சோர்வில்தான் பலர் மொத்தமாகக் கைவிடுகிறார்கள்.

மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனதுக்கு ஆர்வம் முதலில் வராது. செய்யத் தொடங்கிய பிறகுதான் மெல்ல வரும்.

இதெல்லாம் அன்றாட அழுத்தத்துக்கு. நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமோ பசியோ மாறிப்போவது போன்றவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும். ரத்தப் பரிசோதனையில்தான் பிரித்தறிய முடியும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 2 வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி மருத்துவரிடம் போகும்போது, எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், என்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், எத்தனை காபி என்ற ஒரு வாரக் குறிப்பைக் கையில் வைத்திருங்கள். ‘சரியா தூங்கறதில்லை டாக்டர்’ என்பதைவிட அந்த ஒரு தாள் அவருக்கு அதிகம் சொல்லும்.