‘புற்றுநோய்ப் புரதம்’ வேண்டாம், ‘புற்று மரபணுப் புரதம்’ என்போம்

வணக்கம்.

உயிரணுவைப் புற்றாக மாறத் தூண்டும் மரபணுவான புற்று மரபணு (oncogene) உருவாக்கும் புரதத்தைப் (oncoprotein) ‘புற்றுநோய்ப் புரதம்’ என அழைக்கலாம் என்ற முன்மொழிவு சுருக்கமானது, சொல்லவும் எளியது. ஆயினும் குழந்தைகளின் கட்டிகளை ஆய்வோர் கட்டாயம் பிரித்தறிய வேண்டிய இரண்டை அது ஒன்றாக்கிவிடுவதால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

குழந்தைகளுக்கும் இளையோருக்கும் பெரும்பாலும் எலும்பில் வரும் புற்றுநோயான ஈவிங் சார்கோமாவை எடுத்துக்கொள்வோம். அக்கட்டியின் உயிரணுக்களில் சிடி99 என்னும் புரதம் ஏறத்தாழ எப்போதும் மிகுந்திருக்கும். எதிர்ப்பொருள் கொண்டு திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் தேடுவனவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் அதே புரதம் நிணநீர்ப் புற்றுநோய் வகையான லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவிலும் தென்படும் என்பதால், அதை மட்டும் கண்டு நோயை உறுதிசெய்ய முடியாது. நோயைத் தொடங்கிவைப்பது வேறொன்று. 11, 22 ஆகிய எண்ணுள்ள குரோமோசோம்கள் முறிந்து இடம்மாறி ஒட்டும்போது, இ.டபிள்யூ.எஸ். மரபணுவின் ஒரு பகுதியும் எஃப்.எல்.ஐ.1 மரபணுவின் ஒரு பகுதியும் சேர்ந்து, தனி மரபணு எதுவும் ஆக்காத புதுப் புரதம் ஒன்றை ஆக்குகின்றன. ஈவிங் கட்டிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் காணப்படுவது இந்த இணைவே. இரண்டையும் ‘புற்றுநோய்ப் புரதம்’ என்று எழுதினால், அடையாளம் காணப்பட்டது நோயின் குறியா, காரணமா என்பது படிப்பவருக்கு விளங்காது.

‘புற்றூக்கிப் புரதம்’ என்பதும் பொருந்தவில்லை. புற்றூக்கி என்றதும் புகையிலைப் புகை போன்ற வெளிப்பொருள்களே நினைவுக்கு வரும்.

எனவே ‘புற்று மரபணுப் புரதம்’ என்பதை முன்வைக்கிறேன். நீளம் சற்றுக் கூடினாலும் புரதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இரு மரபணுக்கள் ஒட்டியதால் பிறப்பதை அதன் உட்பிரிவாக ‘இணைவுப் புரதம்’ எனலாம்.

குழந்தைகளின் நரம்புத் திசுக் கட்டியான நியூரோபிளாஸ்டோமாவில் ஒரு தடை எழக்கூடும். அங்கு மிகையாகும் என்-மிக் என்பது புதுப் புரதம் அன்று. கருவின் நரம்பு வளர்ச்சிக்குத் தேவையானது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டியில் அதன் மரபணுப் படிகள் பெருகி, புரதம் அளவு மீறுகிறது. இயல்பு நிலையிலுள்ள மரபணுவை ‘முன்னோடிப் புற்று மரபணு’ என்றும், படிகள் பெருகியபின் ‘புற்று மரபணு’ என்றும் வழங்கினால் இத்தடை நீங்கும்.

விழித்திரைக் கட்டியான ரெட்டினோபிளாஸ்டோமாவை மட்டும் இப்பெயரின்கீழ்க் கொண்டுவரலாகாது. அங்குப் பெரும்பாலும், உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. புரதம் செயலிழப்பதே நோய்க்குக் காரணம். அதற்குக் ‘கட்டி ஒடுக்கிப் புரதம்’ என்ற தனிச்சொல்லே தகும்.