மியூனிக்கில் அம்மாவுக்கு அவசர அறுவை சிகிச்சை, காப்பீடு மறுக்கிறது

மியூனிக்கில் இருக்கிறேன். ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவுக்கான குறுகிய காலப் பயண விசா) வந்திருக்கும் அம்மாவுக்கு (வயது 62, சர்க்கரை உண்டு) சனிக்கிழமை இரவிலிருந்து வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, வாந்தி. முதலில் 116117-ஐ (உயிராபத்து இல்லாதபோது மருத்துவரை அழைக்கும் எண்) அழைத்தேன், வெகுநேரம் காத்திருப்புதான். காய்ச்சலும் வந்ததும் அவசர எண் 112-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் சட்டென வந்தது, அதில் குறையே இல்லை. ஸ்கேனில் பித்தப்பையில் கல், வீக்கம். அட்மிட் செய்துவிட்டார்கள், சீக்கிரம் அறுவை சிகிச்சை வேண்டுமாம்.

சிக்கல் பணம்தான். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பயணக் காப்பீடு, ‘முன்பே இருந்த நோய்’ என்று கைவிரிக்கிறது. அம்மாவுக்கு இதுவரை இந்த வலி வந்ததே இல்லை. மருத்துவரின் கடிதத்தை அனுப்பியும் அதே பதில். என் அரசுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கவும் வழியில்லை. மருத்துவமனை முன்பணம் கேட்கிறது.

இப்படி மறுத்த காப்பீட்டை யாராவது ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறீர்களா, அதற்கு என்ன சான்று கொடுத்தீர்கள்?