புதுப்பிப்பு: பருத்தி நூல், அடுத்த பின்னல், படிக்கப் புத்தகம்

போன மாதம் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் வெக்கையில் பின்ன எந்த நூல் சரி, இடையில் படிக்கத் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கம்பளியை விட்டுப் பருத்திக்கு மாறிவிட்டேன். வேர்வைக் கையிலும் பிசுபிசுப்பு இல்லை. ஆனால் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் பருத்திக்குக் கிடையாது. எடை ஏற ஏறப் பின்னல் தொங்கிவிடும். அதனால் லேபிளில் போட்டிருப்பதைவிட ஒரு சைஸ் சின்ன ஊசியில் இறுக்கமாகப் பின்னுகிறேன். விரல் வலிக்கத்தான் செய்கிறது. மூங்கில் ஊசி பரவாயில்லை.

புத்தகத்துக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பொது நூலகம். 21 நாள் தவணை. நாவலைவிடச் சிறுகதைதான் எனக்குத் தோது, எம்ஆர்டி ரயிலில் போகும்போதே ஒன்று முடிந்துவிடும். பின்னிக்கொண்டே படிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒலிப்புத்தகம் என்றால் சரி.

அப்புறம், அடுத்தது அண்ணிக்கு ஒரு சால்வை. டிசம்பரில் ஊட்டி போகிறார், அதனால் அதற்கு மட்டும் மெரினோ கம்பளி. தீபாவளிக்கு முன் முடித்தால்தான் முறுக்குச் சுட நேரம் கிடைக்கும். எளிய டிசைன் இருந்தால் போடுங்கள்.