சுவரெல்லாம் உண்ணி ஏறுகிறது, வாடகை வீடு, சிப்பிப்பாறை நாய்: வழி சொல்லுங்கள்

தாம்பரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, யுகேஜி படிக்கும் பையன், அப்புறம் செவலை. செவலை ஒன்றரை வயது சிப்பிப்பாறை, ஆண். மாமனார் ஊரிலிருந்து குட்டியாகக் கொடுத்து அனுப்பியது. சாதுவான பயல், வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதே இல்லை. பார்க்கிறவர்கள்தான் விலா எலும்பு தெரிகிறதே, சோறே போடமாட்டீர்களா என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள், அது வேறு கதை.

பிரச்சினை உண்ணி. கோடை தொடங்கியபோது காது மடிப்பில் ஒன்றிரண்டு இருந்தது, பிடுங்கிப் போட்டோம். இப்போது கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், காதுக்குள் என்று எங்கே கை வைத்தாலும் தட்டுப்படுகிறது. அதைக்கூடச் சமாளிக்கலாம், சுவரில் ஏறுகிறதே, அதற்கு என்ன செய்ய? சாமி படத்துக்குப் பின்னால், ஜன்னல் திரையின் மேல் மடிப்பில், சுவிட்ச் பெட்டி ஓரத்தில். நேற்று பையனின் தலையணையில் ஒன்று ஊர்ந்தது.

வாரம் இரண்டு தடவை உண்ணி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன். கடையில் கொடுத்த சொட்டு மருந்தை மாதாமாதம் பிடரியில் விடுகிறேன். அம்மா சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்தும் தடவினோம். ஒன்றும் கேட்கவில்லை. கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா இருக்கிறார்கள், படிக்கட்டில் உண்ணியைப் பார்த்துவிட்டு “நாயை எங்கேயாவது விட்டுட்டு வாங்க, இல்லேன்னா வேற வீடு பாருங்க” என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் செவலையும் கொஞ்சம் சுணங்கிக் கிடக்கிறான், தயிர்சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான், வெயில் காரணமா தெரியவில்லை. உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா?

கோவில்பட்டி வாத்தியார்:

தம்பி, முதலில் அந்த சிரப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வையுங்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நாமாகக் கொடுக்கவே கூடாது. உடம்பு சுடுகிறது என்று கையால் தொட்டுச் சொல்லவும் முடியாது, நாயின் சாதாரண உடல் வெப்பமே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இருக்கும், நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 103ஐத் தாண்டினால்தான் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உண்ணி இத்தனை இருக்கிற நாய் சோற்றை ஒதுக்கினால் வெயில் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள், நாளைக்கே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாவிட்டால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

இனி உண்ணிக்கு வருகிறேன். நீங்கள் நாயைத்தான் பார்க்கிறீர்கள், வீட்டைப் பார்க்கவில்லை. இந்தப் பழுப்பு உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு ஒரு தடவை ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், எங்கேயாவது விரிசலில் ஒண்டித் தோல் உரிக்கும், மறுபடி ஏறிக் குடிக்கும், மறுபடி விழும், பிறகு வளர்ந்த உண்ணியாக மூன்றாம் தடவை ஏறும். வயிறு உப்பிச் சாம்பல் நிறத்தில் தொங்குமே, அந்தப் பெண் உண்ணி விழுந்து 4,000 வரை முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். மற்ற வகை உண்ணிகள் புல்லில் காத்திருக்கும், இது சிமெண்ட் வீட்டிலேயே குடும்பம் நடத்தும். மேலே ஏறுவது அதன் சுபாவம், அதனால்தான் சாமி படத்துக்குப் பின்னாலும் திரைச்சீலை உச்சியிலும் பார்க்கிறீர்கள். வளர்ந்த உண்ணி ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகையால் நாயை விரட்டிவிட்டால் உண்ணி போய்விடும் என்று ஓனர் அம்மா நினைப்பது நடக்காது, நாய் இல்லாத வீட்டில் பசித்த உண்ணி மனிதர்களைத்தான் தேடும். இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்தச் சொட்டு மருந்து. பெரும்பாலும் ஃபிப்ரோனில் இருக்கும். அது தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையோடு பரவித்தான் உடம்பு முழுக்கப் போகிறது. விடுவதற்கு 2 நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். வாரம் இரண்டு தடவை ஷாம்பு போட்டால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும், உங்கள் காசும் அதோடு போகும். சிப்பிப்பாறைக்கு அவ்வளவு குளியலும் தேவையில்லை, குட்டை முடி, ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கற்பூரத்தை உடனே நிறுத்துங்கள். நாய் நக்காமல் இருக்காது, கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவிக் குட்டியின் தோலை வேகவைத்தவர்களும் உண்டு. பிடுங்குவதற்கு முள்வாங்கி போதும், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஒரு சீசாவில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

ரத்தக்குழாய்:

ஒரு கால்நடை மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், ரத்தப் பரிசோதனை பற்றி மட்டும் சொல்கிறேன், மருத்துவம் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இங்கே அதிகம் பார்ப்பது எர்லிக்கியா, அடுத்து பேபீசியா, இரண்டும் உண்ணி கடித்துப் பரவும் கிருமிகள். எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிளேட்லெட் இறங்கும். சாப்பிடாது, சுருண்டு படுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும், அடிவயிற்றிலோ ஈறிலோ சிவப்புப் புள்ளிகள் தெரியும். பேபீசியா சிவப்பணுவை உடைப்பதால் ஈறு வெளுத்துப்போகும், மூத்திரம் காப்பி நிறத்தில் வரும். இன்றைக்கே உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். வெளுத்திருந்தால் நாளை வரை பொறுக்க வேண்டாம், இரவிலேயே போய்விடுங்கள்.

முழு ரத்த எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கேளுங்கள். முடிந்தால் காது நுனியில் ஒரு துளி எடுத்துப் பூச்சு போடச் சொல்லுங்கள், பேபீசியா அங்கே சுலபமாகச் சிக்கும். இன்னொன்று, கிரேஹவுண்டு மாதிரி ஓட்ட நாய்களுக்கு இயல்பிலேயே பிளேட்லெட் சற்றுக் குறைவாகவும் சிவப்பணு அதிகமாகவும் இருக்கும். சிப்பிப்பாறைக்கும் அதே உடல்வாகு என்பதால் இனத்தைச் சொல்லிவிடுங்கள். மற்ற நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் எதிர்பார்ப்போம், ஒன்றரை லட்சம் என்று வந்தால் இவனுக்குப் பதற வேண்டியதில்லை. 50 ஆயிரம், 60 ஆயிரம் என்றால் பதறத்தான் வேண்டும்.

பெருங்களத்தூர் பாஸ்:

நான் சொல்வது கசக்கும். சிப்பிப்பாறை முயல் பின்னால் ஓடப் பிறந்த நாய். அதை மாடி வீட்டில் பூட்டி வைத்துவிட்டு உண்ணி வருகிறது என்றால்? ஊருக்கே அனுப்பிவிடுங்கள், தோட்டத்தில் சந்தோஷமாக இருக்கும்.

மாடிவீட்டு மீனா:

பாஸ், தோட்டத்தில் ஆடும் மாடும் தெருநாயும் இருக்கும், உண்ணி அங்கே குறையாது, கூடத்தான் செய்யும். அங்கே யாரும் காதைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். விடிகாலையில் ஏதாவது பூட்டிய மைதானத்தில் முடிந்த மட்டும் ஓடவிட்டால் இந்த நாய்கள் மிச்ச நேரம் முழுக்கத் தூங்கும், என்னிடம் இருக்கும் கன்னி இன நாய் அப்படித்தான், சோபாவை விட்டு இறங்க மாட்டாள்.

தாம்பரத்தான் அண்ணா, எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது, முடித்து வைத்தது மாத்திரைதான். நெக்ஸ்கார்டு மாதம் ஒன்று, பிரவெக்டோ சுமார் 12 வாரம் தாங்கும். விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனால் மாதாமாதம் வாங்கும் ஷாம்பு, சொட்டு, பவுடர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பதால் முதல் சில வாரம் நாய்மேல் உண்ணி தெரியத்தான் செய்யும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை போட்ட நாயே எலிப்பொறி மாதிரி, வீட்டில் ஒளிந்திருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து கடித்துச் சாகும். எடைக்குத் தகுந்த மாத்திரையை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். பெரிய நாய் மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்துப் பங்கு போடும் சிக்கனம் வேண்டாம், எந்தத் துண்டில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. செவலைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இந்த வகை மாத்திரை அப்படிப்பட்ட நாய்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

வீட்டுக்கு: செவலை படுக்கும் சாக்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள், துவைக்கிற மாதிரி பழைய போர்வை போட்டு வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மொட்டை மாடி விரிசலிலும் படிக்கட்டு மூலையிலும் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். கதவுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் உண்ணியின் தலைமைச் செயலகமே அதுதான்.

தாம்பரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி மறுநாள் காலையிலேயே போனோம். ஈறு லேசாக வெளுத்திருந்தது, காய்ச்சல் 104, பிளேட்லெட் 62,000. எர்லிக்கியா என்று சொன்னார்கள், பேபீசியா இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 28 நாளைக்கு எழுதியிருக்கிறார்கள், உண்ணிக்கு மாத்திரையும் கொடுத்தாயிற்று. இப்போது கோழிக்கழுத்து வேகவைத்த தண்ணீரில் சோறு பிசைந்தால் சாப்பிடுகிறான். டாக்ஸிசைக்ளின் போட்டவுடன் ஒருநாள் வாந்தி எடுத்தான், அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு மருந்து அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஓனர் அம்மாவிடம் இரண்டு தளத்துக்கும் சேர்த்து நானே செலவு செய்கிறேன் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பூனை வைத்திருக்கிறார்கள். நாய்க்கு வாங்கிய பவுடர் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது, அதைப் பூனைக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். சட்டப்படி நம்மை வெளியே போகச் சொல்ல முடியாது என்று நண்பன் ஒருவன் வேறு ஏற்றிவிடுகிறான்.

கோவில்பட்டி வாத்தியார்:

பூனைக்கு அந்தப் பவுடர் வேண்டவே வேண்டாம். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகளில் நிறைய பெர்மெத்ரின் இருக்கும், நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது, நடுக்கம் எடுத்துச் செத்துப்போகும். ஓனர் அம்மாவின் பூனைக்கு ஏதாவது ஆனால் அப்புறம் எந்தச் சமாதானமும் எடுபடாது. மருந்து அடிக்க வருபவரிடம் பூனையும் குழந்தையும் இருப்பதை முன்னாலேயே சொல்லுங்கள், அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு எல்லாரும் உள்ளே வரலாம். பூனையை மட்டும் கூடுதலாக ஒரு நாள் வேறு வீட்டில் விட்டால் நல்லது. ஒரு தடவை அடித்து விட்டுவிடாதீர்கள், முட்டைக்கு மருந்து ஏறாது, 2 அல்லது 3 வாரம் கழித்துக் குஞ்சு பொரித்து வரும்போது மறுபடி அடிக்க வேண்டும். எறும்புக்குப் போடும் சாக்பீஸை நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுகிறவர்கள் உண்டு, அதை நாய் நக்கும், வேண்டாம்.

சட்டம்: உங்கள் நண்பர் சொல்வது விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலாக இருக்கும். அது அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடைசெய்யக் கூடாது என்பது பற்றியது. தனி வீட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம், அதில் நாய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மறுபக்கம், நாயைத் தெருவில் பட்டினி கிடக்க விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதை வேண்டுமானால் ஓனர் அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் இறங்கி வந்தவரிடம் சட்டம் பேசாதீர்கள், ஊரிலிருந்து கருப்பட்டி வந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

ரத்தக்குழாய்:

டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். சோறு சாப்பிட்ட பிறகு கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள், மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். தயிர், பால் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தயிர்சோறு போடுவதாக இருந்தால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அப்படியும் வாந்தி தொடர்ந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள்.

சில நாளில் பழையபடி துள்ளுவான், அப்போது நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில், வெளியே தெரியாமல் இருந்துவிட்டு எலும்பு மஜ்ஜையைப் பிடித்துக்கொள்ளும், அந்த நிலைமையில் வரும் நாய்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. மருத்துவர் சொன்ன நாளில் பிளேட்லெட் ஏறுகிறதா என்று பாருங்கள், 28 நாள் முடிந்ததும் மறுபடி பாருங்கள். அப்போது யாராவது கார்டு டெஸ்ட் (அட்டையில் கோடு விழுந்தால் பாசிட்டிவ்) செய்து எர்லிக்கியா இன்னும் பாசிட்டிவ் என்று சொன்னால் பிளேட்லெட் எண்ணிக்கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை, நோய் குணமான பிறகும் அது பல மாதம் ரத்தத்தில் இருக்கும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு இன்னொரு 28 நாள் மாத்திரை வாங்க ஓடாதீர்கள்.