பஃபர்புளோட்: இடையக வீக்கமா, தேக்கமா?

(இணையத்தில் தரவு சிறுசிறு பொதிகளாகப் போகிறது. அவை அனுப்பப்படும்வரை காத்திருக்கும் நினைவகம்தான் இடையகம். அங்கே பொதிகள் நெடுநேரம் நின்று இணைப்பு தாமதமாவது பஃபர்புளோட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் உரையாடல் இது.)

> பஃபர் = இடையகம், புளோட் = வீக்கம். 'இடையக வீக்கம்' என்றே வைக்கலாம். பணவீக்கம் வழக்கில் இருப்பதால் எளிதில் பிடிபடும்.

ஐயா, சொல் பிடிபடும், பொருள் நழுவிவிடும். வீக்கம் என்று படித்தவர் இடையகத்தின் அளவைக் குறைக்க ரூட்டர் அமைப்புகளில் இடம் தேடுவார். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் அப்படி ஓர் அமைப்பே கிடையாது. பொதிகள் வடியாமல் நிற்பதுதான் கோளாறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோடத்தில் 256 கிலோபைட் இடையகம், பதிவேற்ற வேகம் நொடிக்கு 1 மெகாபிட். நிரம்பிவிட்டால், கடைசியில் சேர்ந்த பொதி வெளியேற 2 நொடிக்கு மேல் ஆகும். அதே இடையகம் 20 மெகாபிட் இணைப்பில் சுமார் 0.1 நொடியில் வடிந்துவிடும். அளவு மாறவே இல்லை, தேங்கும் நேரம்தான் மாறுகிறது. ஆகவே 'பொதித் தேக்கம்'. தேங்கிய பொதி, தேக்கத் தாமதம் என்று கிளைச்சொற்களும் தடையின்றி வரும். 'நெரிசல்' வேண்டாம், அது கன்ஜெஷனுக்குப் போய்விட்டது.

-----

> ஆகவே 'பொதித் தேக்கம்'.

தேக்கம் சரி. எங்கே தேங்குகிறது என்பதை விட்டுவிட்டீர்களே! தீர்வே அதில்தான் இருக்கிறது. மோடத்துக்குள் நம் கை எட்டாது. அதனால் வேகத்தைச் சற்றே குறைத்து, வரிசையை ரூட்டருக்கு இழுத்து வருகிறோம். ரூட்டருக்கான திறமூல இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியில் (OpenWrt) எஸ்கியூஎம் (SQM) என்ற வரிசை மேலாண்மைக் கருவியை நிறுவி, இணையத்தை நோக்கிய வேன் (WAN) இடைமுகத்தைத் தேர்ந்து, அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை இட வேண்டும். 20 மெகாபிட் பதிவேற்றத்துக்கு 18000. பெட்டி கேட்பது கிலோபிட்டில். 18 என்று இட்டால் இணைப்பு படுத்துவிடும். பொதிகளை வரிசைப்படுத்தும் முறையாக கேக் (CAKE) போதும்.

எஃப்கியூ-கோடெல் (FQ-CoDel) என்ற இன்னொரு முறையும் ஆகும். அதற்கு அடிப்படையான, 2012இல் வந்த கோடெல், வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பொதி நின்ற நேரத்தைத்தான் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிநொடி நீடித்தால் பொதியைக் கைவிடத் தொடங்கும். உங்கள் 'தேக்க'த்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்: பொதிகளைக் குறுக்குவழியில் விரைவாக அனுப்பும் ஃப்ளோ ஆஃப்லோடிங் வசதி இயங்கினால் அவை எஸ்கியூஎம்மைத் தொடாமலே போய்விடக்கூடும். அதை அணைத்துவிட்டு, கம்பி வழியே பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றியபடி பிங் (மறுமொழி வர ஆகும் நேரம்) பார்க்கச் சொல்லுங்கள். வைஃபையில் பார்த்தால் எது எதன் தாமதம் என்று பிரிக்க முடியாது.

'இடையகத் தேக்கம்' என்று ஏற்றிவிடலாமா? அனுப்பும் வேகத்தை இப்படிக் குறைத்து வைக்கும் ஷேப்பருக்குத்தான் (shaper) இன்னும் சொல் அமையவில்லை. 'வேகத்தடை' என்றால் சாலை மேடு நினைவுக்கு வருகிறது. 'வேகவரம்பி' ஒத்துவருமா, பாருங்கள்.