சூசபோன் பெல்லைச் சுத்தி எல்.இ.டி: ஒட்டலாமா, கூடாதா?

பெரம்பூர் பேஸ்
பேண்டு செட்டுல சூசபோன் ஊதறேன், உடம்பைச் சுத்தி மாட்டிக்கிற பெரிய பித்தளைக் குழல். தலைக்கு மேல விரிஞ்சு நிக்கிற அதோட அகல வாய்தான் பெல். ஆடி முடிஞ்சதும் முகூர்த்தம் வரிசையா நிக்குது, எல்லாமே ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. "பெல்லைச் சுத்தி லைட்டு போட்டுடுறா"ன்னுட்டார் மாஸ்டர். ரிச்சி தெருவுல அஞ்சு மீட்டர் எல்.இ.டி பட்டைச் சுருள் ஒண்ணு வாங்கியாச்சு, பின்னாடியே பசை இருக்கு. பெல் பித்தளை, மேல லேக்கர் பூச்சு. செட்டோட வாத்தியம், என்னுது இல்ல. உரிச்சு ஒட்டிடலாமா?

பட்டறைக்காரர்
கூடாது தம்பி. போன வருஷம் இப்படி ஒட்டின ட்ரம்பெட் ஒண்ணு என்கிட்ட வந்தது. பட்டையை உரிச்சேன், லேக்கரும் வெங்காயத் தோலாட்டம் கூடவே வந்துடுச்சு. அடியில பார்த்தா சிவப்புப் புள்ளிங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வேர்வை உப்பு பட்டைக்கு அடியில போய்த் தங்கினா துத்தநாகம் கரைஞ்சு போய்டும், செம்பு மட்டும் பல்லிளிக்கும். நம்ம ஊர்ல வேர்வைக்குப் பஞ்சமா? டொக்குன்னா தட்டி எடுத்துடலாம், இதை எடுக்க முடியாது. வாத்தியம் ஊதறதுக்கு. சீரியல் செட்டு மாட்டணும்னா பந்தக்கால் இருக்கு.

அண்ணாநகர் ஆல்ட்டோ
ஐயா ரொம்ப பயமுறுத்துறார். பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிகான் பேஸ்ட் நாலு பொட்டு வெச்சா போதும், ரப்பர் மாதிரி உரிஞ்சு வந்துடும். நான் ஆல்ட்டோ ஹார்னுக்கு அப்படித்தான் வெச்சிருக்கேன்.

மின்மினி
ஆல்ட்டோ, அந்த பேஸ்ட் காயும்போது வினிகர் வாசனை அடிச்சுதா? அது அசெட்டிக் அமிலம். செம்பு, பித்தளை ரெண்டையும் அரிக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலையிலயே அந்த வகையைத் தொட மாட்டோம்.

பேஸ் தம்பிக்கு ஒரு கேள்வி. சுருள் 12 வோல்டா, 5 வோல்டா? அஞ்சு மீட்டர் சுருள் பெரும்பாலும் 12 வோல்ட். சாதா பவர் பேங்க்ல எரியாது, மாத்திட்டு வா. தனித்தனியா கலர் மாறுற 5 வோல்ட் வகையை எடு, மீட்டருக்கு 30 பல்பு உள்ளது போதும். உன் பெல் 26 அங்குலம்னா சுத்தளவு ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது 60 பல்பு. முழு வெள்ளையில ஒரு பல்பு 60 மில்லி ஆம்பியர் வரைக்கும் குடிக்கும். மொத்தம் 3.6 ஆம்பியர், 18 வாட். 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஒன்றரை மணி நேரத்துல படுத்துடும். வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்கு இறக்கினா ஊர்வலம் முடிஞ்சு சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் எரியும். இருட்டுல அதுவே கண்ணைக் கூசும்.

இன்னொண்ணு, பித்தளையில கரண்ட் பாயும். பட்டையை வெட்டின முனையில செம்பு தெரியும், அது பெல்லுல பட்டா ஷார்ட். சிலிகான் உறை போட்ட பட்டையா பாரு.

பட்டறைக்காரர்
கணக்கெல்லாம் சரி. இவ்வளவையும் பெல் விளிம்புல தொங்கவிட்டா சத்தம் என்ன ஆகும்? தளர்வா ஒரு ஸ்க்ரூ இருந்தாலே கீழ் ஸ்வரத்துல ஜிர்ருங்கும். லைட்டைத் தொப்பியில வை, தோள்பட்டையில வை. யூனிஃபார்ம் எதுக்கு இருக்கு?

வேப்பேரி ட்ரம்பெட்
ஐயா, தொப்பி லைட்டை யார் பார்க்கறாங்க? தெருமுனையில திரும்பும்போது முதல்ல தெரியறது சூசபோன் பெல்லுதான். புக்கிங் பேச வர்றவங்க "லைட் உண்டா"ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. கூடாதுன்னு சொல்லிட்டு நாம வீட்ல உக்கார்ந்தா வாடகை யார் தருவா?

எங்க செட்டுல பசையே கிடையாது. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவோமே, அந்த மாதிரி. நடுவுல மட்டும் முழுசா திறந்திருக்கும். தெரு முனை டெய்லர் அக்கா ரெண்டு மடிப்பு வளையமா தைச்சுக் கொடுத்தாங்க. உலோகத்தைத் தொடற பக்கம் மெத்துனு பருத்தித் துணி. வெளிப்பக்கம் வெளிச்சம் ஊடுருவற மெல்லிசுத் துணிப் பை, அதுக்குள்ள பட்டை. பெல்லுக்குப் பின்னாடி சுருக்கு நாடா. கட்ட ரெண்டு நிமிஷம், கழட்ட அரை நிமிஷம். நாடாவுக்குப் பதிலா வெறும் ரப்பர் பேண்டு போடாதீங்க, அதுல இருக்கற கந்தகம் வெள்ளி முலாமைக் கறுப்பாக்கிடும். எங்க யூஃபோனியம் ஒண்ணு அப்படித்தான் கறுத்தது.

அண்ணாநகர் ஆல்ட்டோ
நான் ஏற்கெனவே ஒட்டிட்டேனே, இப்போ என்ன பண்றது?

பட்டறைக்காரர்
கத்தி, பிளேடு பக்கமே போகாதே. கட்டை விரலால ஓரத்துல இருந்து மெதுவா உருட்டி எடு. பட்டையோட சொந்தப் பசைன்னா ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, பட்டையை மடிச்சாப்பல இழு. மிச்சப் பிசுக்குக்கு சிகரெட் லைட்டர்ல ஊத்தற எண்ணெய், துணியில நனைச்சு. பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. தின்னர் வேணாம், லேக்கரையே கரைச்சுடும். பிராசோ பாலிஷும் வேணாம்.

வேடு கட்டற யோசனை பரவாயில்ல, ஒத்துக்கறேன். ஆனா ட்ராம்போன்காரன் இதைப் படிச்சுட்டு ஸ்லைடுல லைட்டு சுத்தினான்னா நான் பொறுப்பில்ல. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவுல இருக்கற இடைவெளி முடி கனம்கூட இருக்காது.

மின்மினி
ஸ்லைடும் கூடாது, வால்வும் கூடாது. அதுல ஐயா கட்சிதான் நானும். பவர் பேங்க் இடுப்பு பெல்ட்ல. பெல்லுக்குள்ள போடற ஆளையும் பார்த்திருக்கேன், சாமி சத்தியமா.

பெரம்பூர் பேஸ்
பத்து நாள் கழிச்சு எழுதறேன். 12 வோல்ட் சுருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கலை, எங்க வீட்டு சாமி ரூமுக்குப் போச்சு. வேடு தைச்சாச்சு. சூசபோன் பெல்லு ஸ்க்ரூவுல கழண்டு வரும்ல, கழட்டி எடுத்துட்டுப் போய் டெய்லர் அக்கா மேசையில கவுத்து அளவெடுத்தோம். கடையில இருந்தவங்க எல்லாம் செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க.

நேத்து ஊதிப் பார்த்தேன். கீழ் பி ஃபிளாட்டுல மட்டும் ஜிர்ருன்னுச்சு. துணி இல்ல, கலர் மாத்தற சின்ன டப்பா பெல்லோட பின்பக்கம் மோதிக்கிட்டு இருந்தது. அதையும் பெல்ட்டுக்கு இறக்கினேன், சத்தம் நின்னுடுச்சு. வெயிட்டு தோளுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியல.

பட்டறைக்காரர்
ஊதி முடிச்சதும் கழட்டித் துடைச்சியா?

பெரம்பூர் பேஸ்
இதோ போறேன் ஐயா.