பெருநகரக் கூட்டணியால் டர்பனுக்கு என்ன பயன்?

உம்கேனிக்கரை:
2005-இல் அன்றைய லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் முன்னெடுத்துத் தொடங்கிய சி40 என்னும், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கான பெருநகரக் கூட்டணியில் இன்று ஏறத்தாழ நூறு நகரங்கள் உள்ளன. நம் டர்பனும் அவற்றுள் ஒன்று. மேயர்கள் விமானமேறிச் சென்று உறுதிமொழிகளில் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தில் அந்த உறுதிமொழிகள் யாரைக் காத்தன? நம் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்க அரசு மின்நிறுவனமான எஸ்காம் நிலக்கரியிலிருந்துதான் எடுக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் எந்த மேயரிடமும் இல்லை.

டோங்காட் ஆசிரியை:
மின்சாரம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. வெள்ளத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் மாநகர எல்லைக்குள் சுமார் 7,400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளும் ஓடைகளும் ஓடுகின்றன. குப்பையும் களைச்செடிகளும் சேர்ந்து சாலைக்கு அடியிலுள்ள குழாய்களை அடைத்துவிட்டால், மழைநீர் வீடுகளுக்குள்தான் புகும். சிஹ்லான்சிம்வேலோ திட்டத்தில் அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டுறவுக் குழுக்களே ஊதியம் பெற்று ஓடைகளைத் துப்புரவு செய்கின்றன. இத்தகைய பணியை மாநகரம் முழுவதற்கும் விரித்தால் ஆகும் செலவு எவ்வளவு, தவிர்க்கப்படும் சேதம் எவ்வளவு என்று கணக்கிட்டு, நிதி தருவோர் முன் வைக்கத்தக்க திட்ட அறிக்கையை உருவாக்க மாநகராட்சிக்குத் துணைநின்றது சி40-இன் நிதிப் பிரிவே.

சாட்ஸ்வர்த் வாசகன்:
அறிக்கை ஓடையைத் தூர்வாராதே, அம்மா.

உம்கேனிக்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பால்மியெட் ஆற்றங்கரையிலுள்ள குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப்பகுதியில், குடியிருப்பாளரும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தாரும் மாநகராட்சி அலுவலரும் சேர்ந்து அமைத்த வாட்ஸ்அப் எச்சரிக்கைக் குழுவின் வழியே, 2022 வெள்ளத்தின்போது மக்களுக்கு முன்கூட்டியே செய்தி போயிற்று. மழைமானி, கைப்பேசி, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை ஆகியவையே அதற்குப் போதுமானவையாக இருந்தன. மேலும், அந்தத் திட்ட அறிக்கையைக் காட்டி மாநகராட்சி கடன் வாங்கினால், வட்டியைக் கட்டப்போவது வீட்டுவரி செலுத்தும் நாம்தான்.

டோங்காட் ஆசிரியை:
எச்சரிக்கை உயிரைக் காக்கும்; வீட்டைக் காக்காது. அந்த வெள்ளத்தில் அதே பகுதியில் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன அல்லவா? மேலும், பிற நகரங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் அல்ல நம் ஊர்: 2011-இல் ஐ.நா. காலநிலை மாநாடு இங்கு நடந்தபோது, காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப உள்ளாட்சிகள் தம்மைத் தகவமைத்துக்கொள்வதற்கான சாசனம் டர்பனின் பெயரிலேயே உருவாயிற்று. கடனைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே, வரவுசெலவுத் திட்டத்துக்கு மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, ஓடைத் துப்புரவுக்கான ஒதுக்கீட்டையும் அதற்கென வாங்கும் கடனையும் தனித்தனியே காட்டுமாறு எழுதிக் கேட்கப்போகிறேன். நீங்களும் கையெழுத்திடுவீர்களா?

உம்கேனிக்கரை:
அதற்குக் கையெழுத்திடுகிறேன், கூட்டணியைப் பாராட்டும் வரி ஏதும் அதில் இல்லாதவரை.